மச்சில் ஓடும் கேபிள்

ஏற்காட்டின் பழைய பங்களாக்களில் வைஃபை ஓர் அறையைத் தாண்டுவதே பெரும்பாடு. சுவர் அப்படி. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறையால் ஆனது. அதை உடைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய சுவர்கள் ஒன்றரை அடி கனம் இருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் மலையேறிய தோட்ட முதலாளிகள் குளிரும் மழையும் தாங்கும்படி கட்டிக்கொண்ட வீடுகள் இவை. 2020-இல் கொரோனா வந்து, வெளியூரில் இருந்த பிள்ளைகள் லேப்டாப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான், கூடத்து ரவுட்டரின் சிக்னல் படுக்கையறைக்கு வராது என்பது பலருக்குத் தெரிந்தது.

கேபிள் இழுப்பவர்களுக்கு அன்று பிடித்த வேலை இன்னும் ஓயவில்லை. அப்படி இருவரோடு நாகலூர் சாலையோரத்து வீடொன்றுக்குப் போயிருந்தேன். மூத்தவர் சேலத்துக்காரர், கரண்டு வேலையில் தொடங்கி இதற்கு வந்தவர். உதவிக்கு வந்த இளைஞர் செம்மநத்தம் பக்கத்து மலையாளிப் பழங்குடியினர். ஒல்லியான உடம்பு என்பதால் மச்சு ஏறுவது எப்போதும் அவர்தான்.

காலையிலேயே ஏறிவிட வேண்டும். மலை குளிர்ந்தாலும் கூரைத் தகரம் காய்ந்துவிட்டால் உள்ளே மூச்சு முட்டும். கூரைக்கும் மரச் சீலிங்குக்கும் நடுவே குனிந்து நகரத்தான் இடம். “பலகைல கால் வெக்காத தம்பி, கட்டை பார்த்துப் போ” என்று கீழேயிருந்து குரல் போய்க்கொண்டே இருந்தது. குறுக்குக் கட்டை தாங்கும், பலகை தாங்காது. தவறினால் ஆள் நேரே கூடத்தில் விழுவார். மூலையில் காபிக் கொட்டைகள் ஒட்டிய எச்சம் காய்ந்து கிடந்தது. மரநாய் தங்கிப் போன இடம். மரநாய்கூடப் பரவாயில்லையாம், எலிதான் எமன். கேபிளின் மேலுறையைக் கொறித்துவிட்டுப் போனால், எந்த இடத்தில் போயிருக்கிறது என்று தேடவே அரைநாள் ஆகிவிடும்.

அதனால் இவர்கள் கேபிளைப் பலகைமேல் போட்டுவிட்டு வருவதில்லை. கட்டையோரமாக பிவிசி பைப் அடித்து, அதற்குள் விடுகிறார்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் சும்மா விட்டுவைக்கிறார்கள். எதற்கு என்றேன். “நாளைக்கு இன்னொரு லைன் வேணும்னா, வர்றவன் இதுல கட்டி இழுத்துக்கலாங்க” என்றார் மூத்தவர். வரப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. இந்த ஒரு கயிற்றில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. கண்ணுக்கு அழகாக இருப்பதை மட்டும் நாம் சுத்தமான வேலை என்கிறோம். இங்கே யார் கண்ணிலும் படாத இடத்தில் அந்தச் சுத்தம் இருந்தது.

கரண்டு வயரோடு கேபிளை ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது. இரைச்சல் ஏறும், உறை கெட்டால் ஆபத்தும் உண்டு. தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்டுகிறார்கள். பழைய தேக்குக் கேசிங் ஒன்று சுவரோடு இறங்கிக்கொண்டிருந்தது. அதிலேயே விட்டால் வேலை சீக்கிரம் முடியும். உள்ளே கரண்டு வயர் இருந்ததால் மூத்தவர் அதைத் தொடவில்லை. கல்லையும் குடையக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். கடைசியில் சுவர் அலமாரியின் பின்மூலை கிடைத்தது. மேலே சீலிங்கில் ஒரு துளை, அதிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு இறங்கியது. குண்டு தொட்ட இடத்தில் பாக்ஸ்.

முனை கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேட்-6 கேபிளின் உறையை உரித்ததும் நான்கு ஜோடிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு முறுக்கு. ஒரு ஜோடியின் இரைச்சல் இன்னொன்றில் ஏறாமல் காப்பது அந்த முறுக்குதான். எனவே அரை அங்குலத்துக்குமேல் பிரிக்கமாட்டார். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். விரலால் நீவி வரிசையாக்கி, ஒரே வெட்டில் நுனி சமன் செய்து, ஆர்ஜே-45 முனையில் செருகி கிரிம்பரை அழுத்தினார். அதற்கு முன் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். உள்ளும் செம்பு நிறம். வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, சீக்கிரம் முறியும்; கேமராவுக்கு இதே கேபிளில் கரண்டும் அனுப்பினால் கூடுதலாகச் சூடேறும். ஒரு கேபிள் பெட்டியில் 305 மீட்டர் இருக்கும். ஒரு லைன் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு அது தாராளம்.

ஏற்காட்டில் கேபிளுக்கு இரண்டு பகை: ஈரம், இடி. வெளியிலிருந்து கேபிள் நுழையும் துளையை, கல்லைத் தொடாமல், வெளிப்பக்கம் சரியும்படி குடைந்தார்கள். கேபிளும் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு ஏறித்தான் உள்ளே வருகிறது. மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கோடை மழையோடு வரும் இடிக்கு வேறு வழி வேண்டும். பின்னால் இருந்த அவுட்ஹவுஸுக்கும் லைன் கேட்டார்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்தால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு முனையிலும் உள்ள சாமான்கள் போகும். கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. அதனால் ஃபைபர். அதைத் தாங்கித் தொங்கும் எஃகுக் கம்பியை இறவாணத்துக் கொக்கியிலேயே பிரித்துக் கட்டிவிட்டு, இரும்பே இல்லாத பகுதியை மட்டும் உள்ளே விட்டார்கள்.

எல்லா முனையிலும் எண் ஒட்டினார்கள். எந்த எண் எந்த அறை என்று எழுதிய தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம்.

கூலி பாயிண்ட் கணக்கு, ஒரு பாக்ஸுக்கு இவ்வளவு என்று. பலகைமேல் சும்மா போட்டுவிட்டுப் போகிறவருக்கும், பைப் அடித்துக் கயிறு விட்டு எண் ஒட்டுகிறவருக்கும் பாயிண்டுக்கு ஒரே விலை. இது அநியாயம். மச்சு வேலைக்கு மணிக்கணக்கில் தனிக் கூலி பேச வேண்டும், பைப் விலையை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். அந்த இளைஞர் இறங்கியபோது புருவமெல்லாம் தூசி. மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை மட்டும். நல்ல முகமூடியும் தலைவிளக்கும் பெரிய செலவில்லை. ஆள் கூப்பிடும் வீட்டுக்காரர்கள் அவற்றையும் வாங்கித் தரலாம், கேபிள் பெட்டியோடு சேர்த்தே.