போனில் படித்துக் காட்டு

லினக்ஸ் போடுகிறவர்கள் முட்டி நிற்கிற இடம் பெரும்பாலும் பார்ட்டிஷன் மெனுதான். வாலாஜாபாத்தில் நான் வேலை பழகுகிற கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் வந்தால், பேசப்போவது அதைப் பற்றித்தான் என்று எடுக்கும்போதே தெரியும். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் தென்னேரி, அய்யம்பேட்டை, உத்திரமேரூர் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. ஹார்டு டிஸ்க் போயிருக்கும், மற்றதெல்லாம் ஓடும். புது எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தால், "சிஸ்டத்தை நானே போட்டுக்கிறேன்ணா" என்று பென் டிரைவை வாங்கிப்போகும் பிள்ளைகள் உண்டு.

அந்தப் பென் டிரைவில் வரும் எரர் மெசேஜ்களை எழுதக் கற்றுக்கொள்ள, கடையில் எனக்கு வேலை பழக்கும் அண்ணன் என்னை முதலில் டெபியன் லினக்ஸின் இன்ஸ்டாலரைப் படிக்கச் சொன்னார். வேண்டுமென்றே ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சிஸ்டம் உட்காரும் ரூட் பார்ட்டிஷன் எது என்று சொல்லாமல் தொடரப் பார்த்தால், ரூட் ஃபைல் சிஸ்டம் வரையறுக்கப்படவில்லை, பார்ட்டிஷன் மெனுவில் சரிசெய்யவும் என்பதோடு முடித்துக்கொள்கிறது. வீட்டில் இன்ஸ்டால் செய்கிற பையன் பார்ட்டிஷன் போட்டுவிட்டான், இஎக்ஸ்டி4 ஃபார்மேட்டும் தேர்ந்தெடுத்துவிட்டான். மவுண்ட் பாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடு ஒன்று வைக்கவில்லை, அவ்வளவுதான். அதை இந்த மெசேஜ் சொல்வதில்லை.

அதே இன்ஸ்டாலரில் வேறொரு பார்ட்டிஷனுக்கு மவுண்ட் பாயிண்ட் கொடுக்காமல் விட்டால் கதையே வேறு. எந்த டிஸ்க், எத்தனையாவது பார்ட்டிஷன், எந்த ஃபைல் சிஸ்டம் என்று பெயர் சொல்லி, திரும்பிப் போய்க் கொடுக்காவிட்டால் இந்தப் பார்ட்டிஷன் பயன்படாமலே போகும் என்று விளைவையும் சொல்கிறது. ஸ்வாப் இல்லையென்றால், அது எதற்கு, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பத்தியே வருகிறது. ஸ்வாப் இல்லாமலும் இன்ஸ்டால் ஆகும். ரூட் இல்லாமல் ஒரு அடி நகராது. அதற்குத்தான் கஞ்சத்தனம்! எழுதியவருக்கு ரூட் என்பது மூச்சு விடுவது மாதிரி, விளக்கத் தோன்றியிருக்காது என்பது என் கணிப்பு.

எங்கள் பென் டிரைவில் இருப்பது அண்ணன் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட். டிஸ்க்கைச் சோதித்துவிட்டு டெபியனை இறக்கும். அதன் மெசேஜ்கள் என் பொறுப்பு. சோதிக்கும் முறை இதுதான்: அண்ணன் உள்ளே காலி எஸ்எஸ்டி மாட்டிய லேப்டாப்போடு உட்காருவார். நான் வாசலில் நின்று மெசேஜை போனில் படிப்பேன். அதில் உள்ளதை மட்டும் செய்வார், ஒரு கிளிக் கூடுதலாகச் செய்யமாட்டார். "ஜிபார்ட்டெட்டைத் திறந்து புது பார்ட்டிஷன் உருவாக்கவும்" என்று படித்தேன் (ஜிபார்ட்டெட் என்பது பார்ட்டிஷன் போடும் நிரல்). "பார்ட்டிஷன் டேபிளே இல்லைன்னு நிக்குதும்மா, இப்ப என்ன பண்ணட்டும்?" என்றார். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த டிஸ்க்கில் டேபிளை முதலில் உருவாக்கியாக வேண்டும். அந்த வரி முன்னால் ஏறியது.

இப்போது அந்த மெசேஜ் இப்படி நிற்கிறது: "240 ஜிபி டிஸ்க்கில் பார்ட்டிஷன் எதுவும் இல்லை. சிஸ்டத்தை வைக்க ஒன்று தேவை. ஜிபார்ட்டெட்டைத் திறந்து, முதலில் பார்ட்டிஷன் டேபிளும் பிறகு இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனும் உருவாக்கவும். இந்த ஸ்கிரிப்ட் டிஸ்க்கில் இதுவரை எதையும் மாற்றவில்லை." கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் அண்ணன். போன் செய்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எல்லாம் அழிஞ்சிடுச்சாண்ணா?" என்றுதான்.

காரணம் சொல்லாமல் மறுப்பது அண்ணனுக்குப் பிடிக்காது. அவர் உத்திரமேரூர்க்காரர். அந்த ஊரில் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டில், ஊர்ச் சபைக்கு 35 வயதுக்குக் கீழே ஆகாது, 70-க்கு மேலே ஆகாது, கணக்குக் காட்டாதவர் ஆகாது, அவருடைய இன்னின்ன உறவினரும் ஆகாது என்று வரிசையாக எழுதியிருப்பதை எடுத்துக்காட்டுவார். எனக்கு அந்த ஒப்பீடு கொஞ்சம் பெருமை கலந்ததாகவே படும்.

காரணம் சொல்வதைவிட, மெஷினுக்கு ஏற்றபடி மெசேஜ் சொல்வது கஷ்டம். யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆன லேப்டாப்புக்கு ஃபேட்32-இல் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் தேவை. பழைய பயாஸ் லேப்டாப்பில் அதைக் கேட்டால் பிள்ளை வீணாகத் தேடும். எனவே எந்த முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று ஸ்கிரிப்ட் பார்த்த பிறகுதான் அந்த மெசேஜ் எழ வேண்டும்.

டிஸ்க்கின் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எஸ்டிஏ என்று வருவது சில மெஷின்களில் எஸ்எஸ்டி, சிலவற்றில் நாம் சொருகிய பென் டிரைவ். பெயரை நம்பி பென் டிரைவையே ஃபார்மேட் செய்துவிடக்கூடும். அதனால்தான் மெசேஜில் 240 ஜிபி என்று கொள்ளளவு முன்னால் வருகிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவில் இருந்தால் மாடல் பெயரையும் சேர்த்துக் காட்டும்படி ஸ்கிரிப்ட்டை இந்த வாரம் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.