வேதாரண்யம் உப்பளத்தில் ஒரு கோடைக் காலை

நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலை. அகஸ்தியன்பள்ளியில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உப்புப் பாத்திகள். 1930-ல் ராஜாஜி தலைமையில் தடையை மீறி உப்பு அள்ளிய மண் இது.

அக்னி நட்சத்திரக் காலத்தில் இங்கே விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு மேலே சூரியன் சுடும்; கீழே உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்.

வேலூரில் 42 டிகிரி கொளுத்தும் நாளில் இங்கே நாலைந்து டிகிரி குறைவாக இருக்கலாம். அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிர, சீக்கிரம் உலராது. மூட்டமான நாளில் களத்து நெல் காயாததுபோலத்தான் இதுவும்.

பாத்திகளுக்கு நடுவே ஒதுங்க மரம் இல்லை. பல இடங்களில் கழிப்பறையும் இல்லை. அதனாலேயே பெண்கள் பலர் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு, நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். உப்பளத்தில் மட்டுமா? களையெடுக்கும் வயலிலும், கடலை பறிக்கும் காட்டிலும் இதே கதைதான். நாலு கொம்பு நட்டு ஒரு கீற்றுப்பந்தல், ஓரத்தில் ஒரு மறைப்பு, ஒரு குடம் தண்ணீர். ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் இந்த மூன்றையும் செய்து கொடுத்தால் பாதி ஆபத்து குறையும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். இடையிடையே நீராகாரம், மோர் நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வேண்டாம். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் ஒரு வாரம் குறைந்த நேர வேலையே போதும்.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கி விழுந்தாலோ, அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வாராமல் விட்ட உப்பை நாளை வாரிக்கொள்ளலாம்.