ஜவ்வாது மலை ஒரு நாள் டூர்: 'குள்ளர் வீட்டில்' யாரும் குடியிருந்ததில்லை!

போளூரில் காலை இட்லியை முடித்துக்கொண்டு வேன் கிளம்பினால், கொஞ்ச நேரத்திலேயே மலைப்பாதை தொடங்கிவிடும். வளைவுகள் கூடக் கூட, பின்சீட்டில் எலுமிச்சம்பழம் கைமாறும். ஜமுனாமரத்தூர் வந்து இறங்கும்போது, வெயிலுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறோமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். காற்று அப்படி!

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். ஊட்டி, ஏற்காடு போல ஹோட்டல் கூட்டம் கிடையாது. அதனால் காலையில் ஏறி இரவுக்குள் இறங்கும் வேன் டூர்தான் இங்கே பிரபலம். கோலப்பன் ஏரியில் படகு, பீமன் அருவியில் குளியல், காவலூரில் தொலைநோக்கி. பட்டியல் பெரும்பாலும் இவ்வளவுதான். அருவியில் தண்ணீர் இருக்குமா என்பதை மழைதான் முடிவு செய்யும். கோடையில் போய்விட்டு ஏமாந்தேன் என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நேரம் மிச்சமிருந்தால் இன்னொரு இடத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கீழ்செப்பிளி கற்திட்டைகள். டூர் முழுவதிலும் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் இதைத்தான்.

பலகை பலகையாக உடைத்தெடுத்த பாறைகளை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய பாறையை மூடிபோல வைத்திருக்கிறார்கள். இடையில் சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. குழந்தைகள் முதலில் ஓடுவது அந்தத் துளையை நோக்கித்தான். "இவ்ளோ சின்ன வாசலா? அப்போ குள்ள மனுஷங்க இருந்தாங்களா?" என்று கேட்பார்கள். 'ஆமாம், குள்ளர் வீடு' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். கூடவே 'இங்கே இருக்கும் பழங்குடியினரின் முன்னோர் கட்டியது' என்றும் சேர்த்துவிடுவார்கள்.

இரண்டுமே சரியில்லை.

முதலில், இவை வீடுகள் அல்ல, ஈமச் சின்னங்கள். சுமார் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், பெருங்கற்காலத்தில் இறந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. அந்த வட்டத் துளையை ஆய்வாளர்கள் 'இடுதுளை' என்கிறார்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் கற்திட்டைகளைக் குள்ளர் வீடு என்றும், பாண்டவர் வீடு என்றும், வாலியர் வீடு என்றும் ஊர்மக்கள் சொல்வதுண்டு. யார் கட்டியது என்று தெரியாமல் போன ஒன்றுக்கு மக்கள் வைத்த பெயர்கள் அவை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வீடு' என்று நம்பி வருபவர் கூச்சமில்லாமல் மூடுகல் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார். 'கல்லறை' என்று சொல்லி அழைத்துவந்தால் ஏறுவாரா?

இரண்டாவது, மலையில் இன்று வாழும் மக்கள். இவர்கள் 'மலையாளி' என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளாவா என்று கேட்காதவர் குறைவு. கேரளாவுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர் இது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது தலைமுறை தலைமுறையாக இவர்கள் சொல்லிவரும் கதை. அந்தக் கதைப்படி பார்த்தாலே, இவர்கள் வருவதற்கு முன்பே கற்திட்டைகள் இங்கே நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும்.

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மலை ஊர்களின் பெயர்களில் 'நாடு' வருவதைக் கவனியுங்கள். மலையை நாடு நாடாகப் பிரித்து, அதற்கு நாட்டார், ஊருக்கு ஊர்க்கவுண்டர் என்று பெரியவர்களை வைத்துப் பஞ்சாயத்து பேசிய மரபின் அடையாளம் அது. இதைச் சொல்ல வேன் டூரில் ஐந்து நிமிடம் போதும். யாரும் சொல்வதில்லை.

பெயரைத் தவறாகச் சொல்வதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் உலுரு என்றொரு செம்பாறை இருக்கிறது. உயரம் 348 மீட்டர். உலகம் முழுவதிலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் பயணிகள் வருவார்கள், ஏறுவார்கள். அது அனங்கு பழங்குடி மக்களின் புனிதத் தலம். 1985 அக்டோபர் 26 அன்று அந்த நிலத்தின் உரிமை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 'தயவுசெய்து ஏறாதீர்கள்' என்று பலகை வைத்துப் பல வருடம் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்கே தடை. பஸ்கள் நின்றுவிடவில்லை. பயணிகள் இப்போது பாறையின் அடிவாரத்தைச் சுற்றி நடக்கிறார்கள். சில இடங்களில் போட்டோ எடுக்கவும் அனுமதி இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், இதே வட்டாரத்துக்கான பயண வழிகாட்டிதான். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தருக்கு எந்த வழியில் போவது, எங்கே ஆபத்து, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அந்தப் பாட்டில் மலைவாசிகள் வேடிக்கைப் பொருள் இல்லை. வழிப்போக்கருக்குச் சோறு போடும் வீட்டுக்காரர்கள் அவர்கள்.

இன்றைய வேன்களோ கீழேயிருந்தே பிரியாணியைக் கட்டிக்கொண்டு ஏறுகின்றன. மலைக்கு மிஞ்சுவது பிளாஸ்டிக் தட்டுதான். இங்கே விளைவது சாமை, பலா, சீதாப்பழம், தேன். விற்க வருபவரிடம் பேரம் பேசாமல் ஒரு கிலோ சாமை வாங்கினால் அந்தப் பணம் மலையிலேயே தங்கும். இது சின்ன விஷயமில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, நினைவிருக்கிறதா? அவர்களில் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். மலையில் வேலை இல்லாதபோது இளைஞர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அன்றுதான் ஊருக்கெல்லாம் கேட்டது.

இதே மலையிலிருந்து வந்த இன்னொரு செய்தியும் உண்டு. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவமான ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதி பதவிக்குத் தேர்வானார். 2024 தொடக்கத்தில் அது தமிழ்நாடே கொண்டாடிய சேதி. வழிகாட்டி இதையும் சொன்னால், வேனில் இருக்கும் பிள்ளைகளுக்கு 'குள்ளர்' கதையைவிட நன்றாகவே மனதில் நிற்கும்.

மாலையில் காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இது. 1986-ல் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி, இங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்துகொண்ட 1977 மார்ச் 10 அன்று, அதை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர்.

பார்வையாளர்களுக்கான நாள் சனிக்கிழமை. கிளம்பும் முன் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் இரவில் சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்க விடுவார்கள். சுற்றிலும் விளக்கு வெளிச்சம் குறைவு என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் வரிசையில் நிற்கும்போது செல்போன் டார்ச்சை அணைத்துவிடுங்கள்.