காணாமல் போகும் நான்கு வோல்ட்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள இந்தக் கரையில் வயரிங் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் பார்க்கிறார்கள். செல்போனில் ஒரு கட்டத்தில் வோல்ட்டையும் மறு கட்டத்தில் ஆம்பியரையும் தட்டுகிறார்கள். ஓமும் வாட்டும் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கணக்கில் தப்பில்லை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன். ஓம் 1827-இல் எழுதியதும், ஜூல் 1840-களில் வெப்பத்தை அளந்து காட்டியதும் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஆனால் அந்தக் கணக்கை எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போடுவது என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. அதைச் செல்போன் சொல்லாது.

இந்தக் கரையில் கம்பிகளைக் கெடுப்பது உப்பு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது போன்ற நாட்களில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் கடற்காற்று சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்து திருகின் அடியில் படிகிறது. தாமிரத்தில் களிம்பு ஏறுகிறது. தாமிரமும் அலுமினியமும் சேருமிடத்தில் ஈர உப்பு பட்டால் அலுமினியம் அரித்துப்போகிறது. விடுதி அறையில் 2000 வாட் கீசர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் இழுக்கும், தடை 26.45 ஓம். பிளக் பாயின்டின் ஒரு திருகில் களிம்பு ஏறி அங்கே அரை ஓம் சேர்ந்துவிட்டது. மின்னோட்டம் 8.53 ஆகக் குறையும். கீசருக்கு 1926 வாட் போகும். தண்ணீர் சூடாவது சற்றே தாமதமாகும், குளிப்பவருக்கு அது தெரியாது. மீதி 36 வாட் அந்தத் திருகின் முனையில் வெப்பமாக இறங்குகிறது. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துச் சுவரில் பதித்ததற்குச் சமம் இது.

எம்.சி.பி. எதற்கு இருக்கிறது என்று கேட்பார்கள். எம்.சி.பி. அதிக மின்னோட்டத்துக்கு விழும். இங்கே மின்னோட்டம் குறைந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி. கசிவுக்கு விழும், இங்கே கசிவே இல்லை, போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருகிறது. சரி, கிளாம்ப் மீட்டராவது காட்டாதா? 8.70-க்கும் 8.53-க்கும் உள்ள வித்தியாசம் அந்த மீட்டரின் பிழை அளவுக்குள் அடங்கிவிடும். மாலையில் நாலைந்து வோல்ட் ஏறி இறங்கினாலே ஏறக்குறைய அதே அளவு மாறிவிடும். மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி வைத்தாலும் பயனில்லை. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அரை ஓம் அளவுக்குத் தடை இருக்கக்கூடும். தவிர, மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் சொற்பம். எட்டு ஆம்பியர் ஓடும்போது இணைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது அதற்குத் தெரியாது. அணைத்து வைத்த 100 வாட் குண்டு பல்பை இப்படி அளந்தால் நாற்பது ஓம் அளவில் காட்டும், எரியும்போது அதே இழைக்கு 529 ஓம்.

ஆகவே வழி ஒன்றுதான். சுமையை ஓடவிட்டு, விநியோகப் பெட்டியில் ஒரு முறை, பிளக் பாயின்டில் ஒரு முறை வோல்ட் எடுக்க வேண்டும். இடையில் 6.2 வோல்ட் குறைகிறது என்றால் அதில் கம்பியின் பங்கு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். 2.5 ஸ்கொயர் எம்.எம். தாமிரக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். பதினைந்து மீட்டர் தூரம் என்றால் போக வர முப்பது மீட்டர், 0.22 ஓம், 8.53 ஆம்பியரில் 1.9 வோல்ட். மீதி 4.3 வோல்ட் கம்பியில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. 4.3-ஐ 8.53-ஆல் வகுத்தால் அரை ஓம். கண்ணால் காண முடியாத, சாதாரண மீட்டர் நேராகக் காட்டாத ஒரு தடையைப் பள்ளிக்கூட வகுத்தல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு திருகின் குறுக்கேயும் மீட்டரை வைத்துப் பார்த்தால் குற்றவாளி எதுவென்று தெரிந்துவிடும்.

வருடம் ஒரு முறை எல்லாத் திருகையும் முறுக்கிவிட்டால் போதாதா என்பது விடுதி நடத்துபவர்களின் வாதம். களிம்பின் மேல் முறுக்கினால் களிம்புதான் இறுகும். கம்பியை நறுக்கிப் புதுமுனை எடுக்க வேண்டும், எடுத்தபின் மறுபடி அளக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி. வந்தபின் இது இன்னும் அவசரமாகிவிட்டது. கீசருக்கு 200 வோல்ட் கொடுத்தால் அது 1512 வாட்டோடு அடங்கிவிடும். இன்வெர்ட்டர் ஏ.சி. அப்படி அடங்காது, வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். 1500 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் என்றால் 200 வோல்ட்டில் 7.5. இணைப்பின் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நீளமான ஒயரிலும் இதே கதைதான். மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் சாலையோரச் சிற்பக்கூடங்களில் ஐம்பது மீட்டர் 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரை இழுத்துப் பெரிய கிரைண்டர் ஓட்டுகிறார்களே, அங்கே பத்து ஆம்பியருக்குப் பதின்மூன்று வோல்ட் ஒயரிலேயே போகிறது. ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டினால் அந்த 130 வாட் வெப்பம் சுருளை விட்டு வெளியேற வழியில்லை.

இதையெல்லாம் சொல்லித்தர இன்று யாருக்கும் பொறுமை இல்லை. முக்கோணம் வரைந்து, வேண்டியதை விரலால் மூடிப் பார் என்று பாடத்தை முடித்துவிடுகிறார்கள். தேர்வில் 230 வோல்ட், 5 ஆம்பியர், திறன் என்ன என்று கேட்கிறார்கள். 1150 என்று எழுதியவன் தேறிவிடுகிறான். எந்த வீட்டில் மின்னழுத்தம் 230-இல் அசையாமல் நிற்கிறது? இரண்டு இடத்து வோல்ட், ஓடும் ஆம்பியர், கம்பியின் நீளமும் பருமனும், இவ்வளவையும் கொடுத்து, குறைகிற வோல்ட் எங்கே போனது என்று கேட்கட்டும். பதில் எழுதத் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் கொடுக்கட்டும்.