700 கிராமா, ஒரு கிலோவா?

நகைக்கடைக்காரர்களுக்கு எதைக் கையில் வாங்கினாலும் எடை பார்க்கும் பழக்கம் போகாது. துப்பாக்கிக் கடை தவுக்கே கண்ணாடி மேசையின்மேல் துணி விரித்து இரண்டு பிஸ்டல்களை வைத்தபோது, எது நல்லது என்று நான் கேட்கவில்லை. எது எவ்வளவு கனம் என்றுதான் கேட்டேன். ஒன்று சுமார் 700 கிராம். மற்றது ஒரு கிலோ. பவுன் கணக்கில் 37 பவுனுக்கு மேல் வித்தியாசம். விலையில்தான் பெரிய வித்தியாசம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயர் மாற்றும் காசு கூடக் குறைய இருந்தது, அவ்வளவுதான்.

நகைக்கடை நடத்தும் பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் அம்மாவும் அதையேதான் கேட்டார், இன்னும் கொஞ்சம் கடுமையாக.

அப்பா இருந்தவரை எங்கள் கடைக்கு ஆயுதம் என்று ஒன்று இருந்ததில்லை. பினாங்கிலிருந்து அலோர் ஸ்டாருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். அந்த வழியில் அப்பா பல ஆண்டுகள் சரக்கு கொண்டு வந்தது ஒரு சாப்பாட்டுக் கேரியரில்தான். மேல் அடுக்கில் தயிர்சாதம், அதன்கீழ் ஊறுகாய், அதற்கும் கீழே சங்கிலியும் வளையலும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பசியோடு இருக்கிறார் என்று மேல் அடுக்கை அப்படியே அவருக்குக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்குத் தங்கம் விற்கும் விலையில் அந்தக் கேரியருக்குள் ஒரு வீடே அடங்கிவிடும். அப்பா போன பிறகு அந்தப் பயணம் என் தலையில் விழுந்தது. என் கணவர் ஆசிரியர். வார நாட்களில் துணைக்கு வர முடியாது. எங்கள் தொழிலில் தெரிந்த ஒருவரை அவர் கடை வாசலிலேயே மடக்கிப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் விண்ணப்பம் போட்டேன்.

நம் நாட்டில் இது கடைக்குப் போய்ப் பிடித்ததை வாங்கி வருகிற காரியம் இல்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கிகூட ஆயுதம்தான். அதற்கும் உரிமம் வேண்டும். பிஸ்டல் என்றால் கேட்க வேண்டியதில்லை. தொழில் என்ன, எவ்வளவு சரக்கு கையில் இருக்கும், எந்த வழியில் போகிறாய், வீட்டில் எங்கே வைப்பாய் என்று எல்லாம் விசாரித்தார்கள். கேட்டவர் எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. உரிமம் என் பெயருக்கு, அந்த ஒரு துப்பாக்கியின் எண்ணுக்கு. என் கணவர்கூட அதை இடுப்பில் செருகிக்கொண்டு போக முடியாது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பவருக்கு 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டுகள் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. இவ்வளவு கெடுபிடி இருப்பது நல்லதுதான் என்று உரிமம் வாங்கிய பிறகும் நினைக்கிறேன்.

அம்மாவின் பயம் வேறு வகை. அவர் பிறந்தது கோல கெட்டில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றதும் அறிவித்த அவசரகாலம், 1960 ஜூலை 31-இல்தான் முடிந்தது. அம்மாவின் சிறுவயது முழுக்க அதற்குள் போய்விட்டது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களின் பையைக் கேட்டில் கொட்டிப் பார்ப்பார்கள். துரையின் இடுப்பில் துப்பாக்கி, காவலுக்கு நிற்பவன் தோளில் துப்பாக்கி, காட்டுக்குள் இருப்பவன் கையில் துப்பாக்கி. இல்லாதது லயத்தில் இருந்தவர்களிடம் மட்டும்தான். 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பேசியது பக்கத்துப் பாலிங்கில்தான். ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைவதா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. அதைக் கேட்டு அம்மாவின் அப்பா, "இரும்பைக் கையில எடுத்தவன் எடுத்ததுதான்" என்றாராம். அறுபத்து சொச்சம் ஆண்டுகள் கழித்து அம்மா அதையே எனக்குச் சொன்னார். கூடவே, "துப்பாக்கி இருக்கிற வீட்டைத் தேடித்தான் துப்பாக்கி வரும்" என்று தன் பங்குக்கு ஒன்று.

வேடிக்கை என்னவென்றால் அம்மாவின் சொந்தத் தம்பி போலீஸ்காரர். சார்ஜனாக ஓய்வு பெற்றவர். சேவைக்காலத்தில் பாதிக்கும் மேல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரை இடுப்பில் சுமந்தவர். சுடும் திடலுக்கு வெளியே ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை என்பதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவரைத்தான் கடைக்குக் கூட்டிப் போனேன்.

இலேசானது ஆஸ்திரியாவின் க்ளாக் 17. திரைச்சீலைக் கம்பியும் ராணுவக் கத்தியும் செய்துகொண்டிருந்த கஸ்டன் க்ளாக் என்பவர் வடிவமைத்து, 1982-இல் அந்நாட்டு ராணுவத்தில் ஏற்கப்பட்டது. உடல் பகுதி பிளாஸ்டிக். கனமானது செக் நாட்டின் சிஇசட் 75. பெயரிலேயே 1975 இருக்கிறது. முழுக்க எஃகு. இரண்டுமே 9 மில்லிமீட்டர். (தமிழ்நாட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன் இதைக் கேட்டு வாய் பிளந்தான். அங்கே பொதுமக்களுக்கு 9 மில்லிமீட்டர் தடை; .32 போன்றவற்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.) இரண்டுமே செமி-ஆட்டோமேட்டிக். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அந்த வேகத்தில் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய், வெற்றுக் கூட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிஇசட் கையில் உட்கார்ந்த விதம் நல்ல கொல்லர் செய்த பாதசரம் மாதிரி, எங்கும் உறுத்தவில்லை. க்ளாக் பார்ப்பதற்குச் செங்கல். மாமாவுக்குத் தெரிந்த சுடும் சங்கத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். கனமான துப்பாக்கி கையில் குறைவாகத்தான் துள்ளுகிறது. ஆனால் சிஇசட்டில் முதல் தோட்டாவுக்கு விசையை நீளமாக, பலமாக இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் பின்னாலிருக்கும் சுத்தியல் எழுந்து விழும். அடுத்ததிலிருந்து சுத்தியல் தானே பின்னால் நிற்கும், இலேசாகத் தொட்டால் போதும். என் விரல் குட்டை. முதல் தோட்டா ஒவ்வொரு முறையும் தாளுக்குக் கீழே போனது. க்ளாக்கில் முதலும் கடைசியும் ஒரே அழுத்தம், ஏறக்குறைய இரண்டரை கிலோ.

அதற்காக க்ளாக் என்று முடிவு செய்துவிடவில்லை. அதில் கையால் போடும் சேஃப்டி இல்லை. விசையின் நடுவில் இன்னொரு சின்ன விசை இருக்கிறது. விரல் அதன்மேல் நேராகப் படாவிட்டால் உள்ளே போகாது. அதாவது, சேஃப்டி இருக்கும் இடத்தில்தான் விரலும் இருக்கும். வீட்டில் ஆறு வயதுப் பையனை வைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது வயிறு கலங்கியது. சிஇசட்டில் சேஃப்டி உண்டு. ஆனால் தவுக்கே காட்டிய வகையில் சுத்தியலைப் பத்திரமாக இறக்கும் தனி விசை இல்லை. தோட்டா உள்ளே இருக்கும்போது சுத்தியலை இறக்க வேண்டுமென்றால், கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்து, மெதுவாக விட வேண்டும். வழுக்கினால் வெடிக்கும். க்ளாக்கிலும் ஒரு பொறி உண்டு. சுத்தம் செய்யக் கழற்றும்போது விசையை இழுத்தே ஆக வேண்டும். உள்ளே தோட்டா இருப்பதைப் பார்க்காமல் இழுத்துத் தன் தொடையைத் தானே துளைத்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிஇசட்டைக் கழற்ற விசையைத் தொட வேண்டியதில்லை. தட்டு இந்தப் பக்கமும் சாய்ந்தது, அந்தப் பக்கமும் சாய்ந்தது.

மாமா அதுவரை வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒன்று கேட்டார். "ஏம்மா, தோட்டாவை உள்ள ஏத்தி வச்சுக்கிட்டுப் போவியா, ஏத்தாம போவியா? அதைச் சொல்லு முதல்ல."

ஏற்றாமல்தான் என்றேன். மேகசினில் தோட்டா இருக்கும், குழலின் அடியில் இருக்காது. வேண்டும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் ஏறிக்கொள்ளும். அதற்கு நேரம் பிடிக்குமே என்று தவுக்கே சொன்னார். பிடிக்கட்டும். நகைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. பையைக் கேட்டால் பையைக் கொடுத்துவிடுவேன். பையோடு போகாமல் நிற்கும் ஆட்களுக்காகத்தான் இது. தனியாகக் காரோட்டும் பெண்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"அப்படின்னா விசையை மறந்துடு. ஸ்லைடைப் பாரு" என்றார் மாமா. தவுக்கேயிடம் துப்பாக்கி எண்ணெய் கேட்டு வாங்கி, என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்க்கச் சொன்னார். கடை மூடும் நேரத்தில், பயந்த நேரத்தில், கை இப்படித்தான் இருக்குமாம். சிஇசட்டின் ஸ்லைடு உடல் பகுதிக்குள் இறங்கி ஓடுவது. அதனால்தான் அது அவ்வளவு சீராக ஓடுகிறது என்கிறார்கள். அதனாலேயே விரல் பிடிக்க வெளியே தெரியும் இரும்பு கொஞ்சம்தான். என் கை வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. க்ளாக்கின் செங்கல் முதுகை எண்ணெய்க் கையோடு முழுசாக இழுக்க முடிந்தது, மூன்று முறையும்.

தோட்டா ஏற்றாமலே சுமக்க முடியும் என்றால், சேஃப்டி இல்லை என்ற பயத்தில் முக்கால்வாசி போய்விடுகிறது. மிச்சம் இருப்பது சுத்தம் செய்யும் நேரம். அதற்கு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டாக்கள் வேறு அறையில். நான் இருக்கும் அறைக் கதவு உள்ளே தாழ். மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்த்த பிறகுதான் விசை. தங்கத்தை உரைத்துப் பார்த்த பிறகும் தராசில் போடுகிற ஆள் நான். இது கஷ்டமாக இல்லை. இடுப்பில் 37 பவுன் குறைந்தது தனி நிம்மதி. பஞ்சாபி உடைக்குள் ஒரு கிலோவை மறைத்துக்கொண்டு கடைக்கும் வங்கிக்கும் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

சுடும் திடலில் கைவரிசை காட்ட ஆசைப்படும் தம்பிகள் என்னைக் கேட்டால் சிஇசட்டைத்தான் காட்டுவேன். அது சுடுவதற்குச் சுகமான துப்பாக்கி. என்னுடையது சுடாமல் இருப்பதற்கு வாங்கியது.

சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியை அம்மா முதலில் தன் அறையில் வைக்க விடவில்லை, பிறகு சாமி அறைப் பக்கம் விடவில்லை. கடைசியில் எங்கள் அறை அலமாரிக்குள் போனது. நவராத்திரி வந்தது. ஆயுத பூஜைக்குக் கடையின் தராசு, இடுக்கி, ஊதுகுழல், என் கணவரின் சிவப்புப் பேனா, பையனின் கலர் பென்சில் எல்லாம் மனைமேல் ஏறின. அதையும் எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். இந்தியாவில் போலீஸ் நிலையங்களில் துப்பாக்கிக்கும் பூஜை நடக்கிறது என்று மாமா எனக்காகப் பேசிப் பார்த்தார். அம்மா பதில் சொல்லவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு எழுந்து எங்கள் அறைக்குப் போனார். அலமாரியைத் திறந்து, பூட்டிய இரும்புப் பெட்டியின் சாவித்துவாரத்துக்கு மேலே ஒரு பொட்டு வைத்தார். "பெட்டிக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் எடுக்கப் போனார்.