புதுப் பேரலைப் பழக்க வேண்டுமா?

மாங்காட்டுக்கு வடக்கே பூந்தமல்லியைத் தாண்டினால் ஆவடி. 1965இல் விஜயந்தா டாங்க் வெளிவந்த தொழிற்சாலை அங்கே. தெற்கே குன்றத்தூர் பக்கம் போனால் ஒரகடம். 2013 முதல் ராயல் என்ஃபீல்டு பைக்குகள் அங்கே உருவாகின்றன. பீரங்கிக்கும் பைக்குக்கும் நடுவிலுள்ள இந்த ஊரிலிருந்து நான் துரத்திய கேள்வி இரண்டையும் தொடுகிறது. புது ரைஃபிள் பேரலில் ஒரு குண்டு சுட்டதும் துடைத்து, மறுபடி சுட்டு, மறுபடி துடைத்துப் ‘பழக்கினால்’ தொலைதூரக் குறி கூர்மையாகும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆயிரம் கஜத்தில் ஒரு மினிட் கோணம் பிசகினால் குண்டு ஏறக்குறைய பத்தரை அங்குலம் விலகிவிடும். அவ்வளவு நுணுக்கம் கேட்கும் விளையாட்டில் எந்தச் சடங்கையும் விட்டுவிட மனம் வராதுதான்.

துடைப்பதன் வேர் சுலபமாகவே பிடிபட்டது. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882இல் ஈயக் குண்டுக்குச் செம்புறை போட்டார். பிறகு வந்த ராணுவக் குண்டுகள் பலவற்றுக்கு நிக்கல் கலந்த செம்புறை. அது பேரலுக்குள் கட்டியாக ஒட்டிக்கொண்டது. அம்மோனியாக் கரைசல் ஊற்றித்தான் அதைக் கரைக்க முடிந்தது. போதாததற்கு, தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் அன்றைய பிரைமரில் இருந்த குளோரேட் எரிந்து உப்பாகப் படியும். ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு ஏற்றிவிடும். லீ-என்ஃபீல்டு ரைஃபிள் வைத்திருந்த சிப்பாய் கொதிநீர் ஊற்றிக் கழுவியது அதனால்தான். அது மூடநம்பிக்கை அல்ல. ஆனால் துருவேற்றாத பிரைமரும், துத்தநாகம் கலந்த செம்புறையும் வந்து பல தலைமுறை ஆகிறது. காரணம் போய்விட்டது, பயம் தங்கிவிட்டது.

‘பழக்குவது’ என்ற பாதி எஞ்சினிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். புது பைக்கை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்காமல் ஓட்டச் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு: ஒரே பிஸ்டன் ரிங்கும் ஒரே சிலிண்டரும் ஆயிரக்கணக்கான முறை உரசி, ஒன்றுக்கொன்று வாகாகத் தேய்கின்றன. பேரலுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒரு குண்டு அதற்குள் ஒரே ஒரு முறைதான் போகிறது. அடுத்து வருவது வேறொரு புதுக் குண்டு. துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகம் செய்து கொடுத்துப் பெயர் வாங்கிய கம்பெனிதான் ராயல் என்ஃபீல்டு என்பதை நினைத்தால், கைம்மாறாக எஞ்சின் வழக்கம் துப்பாக்கிக்கு வந்ததோ என்று சிரிப்பு வருகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கிரீகர் என்ற அமெரிக்கப் பேரல் நிறுவனம் சொல்வது இது: பேரலின் உட்புறத்தை நீளவாக்கில் தேய்த்து மெருகேற்றிவிடுகிறோம், ஆனால் குண்டு நுழையும் தொண்டைப் பகுதியைப் பின்னால் ரீமரால் குடையும்போது குறுக்குக் கீறல்கள் விழுகின்றன. அவை குண்டின் செம்பைச் சுரண்டி, அந்தச் செம்பு பேரல் முழுக்கப் படிகிறது. இதை நான் ஏற்கிறேன். முதல் நூறு, இருநூறு குண்டுகளில் புதுப் பேரலிலிருந்து போகும் குண்டின் வேகம் சற்றுக் கூடுவதும் பலர் அளந்து கண்டதே. ஆனால் கீறலை மழுக்குவது சூடான வாயுவும் குண்டும், துணியல்ல. இடையிடையே துடைக்காமல் சுட்டாலும் அது நடந்தே தீரும். இன்னொரு அமெரிக்கத் தயாரிப்பாளர் கேல் மெக்மில்லன், இது பேரல் விற்க ஒருவர் கிளப்பிவிட்ட வழக்கம் என்றே எழுதினார். அதையும் அப்படியே நம்பத் தேவையில்லை. நோக்கத்தைச் சந்தேகிப்பது சோதனைக்கு ஈடாகாது. ஆனால் பழக்கச் செலவிடும் ஒவ்வொரு குண்டும் பேரலின் ஆயுளிலிருந்து போகிறது என்று அவர் சொன்னது சரி. டாங்க் பீரங்கிக்கும் அதே விதிதான்: வீரியக் குண்டுக்கு முழு எண், பயிற்சிக் குண்டுக்குப் பின்னம் என்று சுட்டதையெல்லாம் கணக்கில் ஏற்றுகிறார்கள்.

“பழக்கிய பிறகு என் குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் பரவல், சுருங்கியதே!” என்பார்கள். ஐந்தைந்து குண்டாகச் சுட்டால், எதையுமே மாற்றாமல் ஒரு குரூப் இன்னொன்றைப் போல இரு மடங்கு விரிவது சகஜம். பழக்காமல் விட்டிருந்தால் அதே பேரல் எப்படிச் சுட்டிருக்கும் என்பதை யாராலும் பார்க்க முடியாது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் கையாளும் .22 ரைஃபிளில் இந்தச் சடங்குக்கு இன்னும் இடமில்லை. அதில் ஓடுவது மெழுகு பூசிய ஈயக் குண்டு. பேரலைத் துடைத்தால் உள்ளே படிந்த மெழுகு போய், மறுபடி படியும்வரை குறி அலைகிறது. சந்தேகத்தைத் தீர்க்கத் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடத்தால் முடியும்: ஒரே எஃகில், ஒரே ரீமரில் செய்த பேரல்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் பழக்கி, எது எதென்று தெரியாதவர் கையில் கொடுத்து நிறையக் குண்டுகள் கொண்ட குரூப்களாகச் சுடச் சொல்ல வேண்டும்.