போர்ப்படச் சீருடைகளும் அவற்றைச் சேகரிப்பவர்களும்

போர்ப்படங்களுக்காகத் தைத்த சீருடைகள், ரப்பரில் வார்த்த துப்பாக்கிகள், சாயம் பூசிய தலைக்கவசங்கள் ஆகியவற்றைத் தேடி வாங்குவோர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கணிசமாக உண்டு. ராணுவப் பொருள் சேகரிப்பின் பக்கத்திலேயே வளர்ந்தாலும் இது தனித் துறை. அங்கே போர்க்களம் கண்ட பொருளுக்கு மதிப்பு. இங்கே கேமராவின் முன் நின்ற பொருளுக்கு. தையல்காரர், சாயம் ஏற்றுபவர், அச்சு வார்ப்பவர் ஆகியோரின் கைவேலைதான் இங்கே உண்மையில் சேகரிக்கப்படுகிறது. விலைப்பட்டியல்களில் நடிகர் பெயர் மட்டும் பெரிதாக நிற்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இப்பொருள்களில் பெரும்பகுதி உடை வாடகை நிறுவனங்களிலிருந்து வெளிவருகிறது. லண்டனின் ஏஞ்சல்ஸ் 1840-ல் பழைய துணிக்கடையாகத் தொடங்கியது. விலைக்கு வேண்டாம், வாடகைக்குக் கொடுங்கள் என்று நடிகர்கள் கேட்கத் தொடங்கியதும் அதன் தொழிலே மாறிப்போனது. 1992-ல் பெர்மன்ஸ் அண்ட் நேதன்ஸ் என்ற மற்றொரு பெரிய நிறுவனமும் அதனுடன் சேர்ந்தது. ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் காஸ்ட்யூம் நிறுவனம் 1912 முதல் இயங்குகிறது. இங்கெல்லாம் ஒரு படத்துக்குத் தைத்த ஜெர்மன் மேல்கோட்டு, தோள்பட்டைச் சின்னம் மட்டும் மாறி, அடுத்த படத்துக்கும் போகும். ஆகவே சேகரிப்பாளர் முதலில் புரட்டிப் பார்ப்பது உட்கழுத்தைத்தான். நிறுவனத்தின் பெயர், நடிகர் பெயர், மார்பளவு ஆகியவை எழுதிய துணிச்சீட்டு அங்கே தைக்கப்பட்டிருக்கும். பழைய சீட்டின் மேல் புதிய சீட்டு ஏறியிருந்தால் அந்த உடை பல படங்கள் கண்டது என்று பொருள். வாடகைச் சுற்றில் அடையாளம் எளிதில் தொலைந்துவிடும். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஓபி-வான் கெனோபி அணிந்த அங்கி, அதன் பெருமை தெரியாமலேயே ஏஞ்சல்ஸ் கிடங்கிலிருந்து வாடகைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. அடையாளம் தெரிந்த பின் 2007-ல் ஏலத்தில் 54,000 பவுண்டுக்கு விற்றது.

1998-ல் வெளிவந்த ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ இத்துறையில் பெரிதும் தேடப்படும் படங்களில் ஒன்று. ஒமாஹா கடற்கரைக் காட்சி அயர்லாந்தின் கர்ராக்ளோ கடற்கரையில் படமானது. துணைநடிகர்களில் பலர் அந்நாட்டின் துணைநிலைப் படையினர். துணைநடிகர்கள் அனைவருக்கும் பழைய சீருடைகள் கிடைக்காது. கிடைத்தாலும் 1940-களின் அளவுகள் இன்றைய உடல்வாகுக்குச் சிறியவை. உடை வடிவமைப்பாளர் ஜோவன்னா ஜான்ஸ்டன் ஏராளமான சீருடைகளைப் புதிதாகத் தைக்க வைத்தார்.

புதுத்துணி திரையில் பொய்யாகத் தெரியும். அதைப் பழசாக்குவது ஒரு தனித்தொழில். முழங்கையும் முழங்காலும் உப்புத்தாளாலும் கம்பிப் பிரஷ்ஷாலும் தேய்க்கப்படும். காலர் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கின் நிறம் ஏறும். அக்குளில் வியர்வைக் கறை தெளிக்கப்படும். நல்ல கைக்காரர் மூட்டு மடியும் இடத்திலும் பை வாயிலும் மட்டும் தேய்ப்பார். கற்றுக்குட்டி சட்டை முழுவதையும் ஒரே சீராக அழுக்காக்கிவிடுவார்.

குண்டு பட்ட ஓட்டைதான் அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது. நிஜக் குண்டு நுழையும் இடத்தில் நூலிழைகள் உள்நோக்கி வளையும். படத்தில் துணிக்குப் பின்னாலிருந்து சிறு வெடி வெடிப்பதால் இழைகள் வெளிநோக்கிப் பிரிந்து நிற்கும், ஓரம் கருகியிருக்கும். எளிதில் கிழிய வேண்டும் என்று முன்கூட்டியே பிளேடால் கீறிய கோடுகள் தெரியும். உட்புறத்தில் ரத்தப் பையை ஒட்டிய நாடாவின் பசையும், இனிப்புப் பாகில் செய்த போலி ரத்தம் காய்ந்து துணி விறைத்த திட்டும் எஞ்சியிருக்கும். இந்த ஒரு விரற்கடை இடத்தில் மூன்று நான்கு பேரின் உழைப்பைப் படிக்கலாம்.

துப்பாக்கிகளில் படிநிலை உண்டு. அண்மைக்காட்சிக்கு நிஜத் துப்பாக்கி அல்லது மிகத் துல்லியமான நகல்; ஓடவும் விழவும் ரப்பர் வார்ப்பு. வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லாததால் குழலில் அழுத்தம் சேராது. தானியங்கித் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாது. அதற்காக ஆயுதப் பொறுப்பாளர்கள் குழலைச் சிறு துளை மட்டும் விட்டு அடைப்பார்கள். இவ்வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கும்; சேகரிப்பாளரை அடைபவை ரப்பர் வார்ப்புகளே. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நிஜம்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடை செய்து, திரைப்படம், அருங்காட்சியகம், வரலாற்று நிகழ்த்துகை போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கிறது.

பொருள் திரையில் வந்ததா என்பதை உறுதிசெய்வது பொறுமை கேட்கும் வேலை. படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் நிறுத்தி, ஒரு தையல் கோணல், ஒரு சாய வழிவு, தலைக்கவச விளிம்பின் ஒரு நசுங்கல் ஆகியவற்றைக் கையிலுள்ள பொருளுடன் ஒப்பிட வேண்டும். ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தில் மில்லர் வேடத்தில் டாம் ஹாங்ஸ் அணிந்த கவசத்தின் முன்னால் கேப்டன் பதவிக்கான இரட்டைப் பட்டை. பின்னால் ரேஞ்சர் படையின் ஆரஞ்சு நிறச் சாய்சதுரம். இதை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் தூரிகை எங்கே நழுவியது என்பது ஒரு கவசத்தில் இருப்பதுபோல் இன்னொன்றில் அமையாது. மோசடி எதிர்த்திசையிலும் நடக்கிறது: துணிச்சீட்டைக் கிழித்துவிட்டு, படத்துக்குத் தைத்த ஜெர்மன் சீருடையைப் போர்க்காலத்து அசல் என்று விற்கிறார்கள். பணம் போவதோடு, தைத்தவரின் பெயருக்கான ஒரே சாட்சியும் அழிகிறது.

பாதுகாப்பதில் பெரிய எதிரி அக்கறைதான். வாங்கிய கையோடு துவைத்து, கிழிசலைத் தைத்து, துருவைத் துடைக்கிறவர்கள் பலர். ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் வெடித்து உதிரும். கம்பளியை அந்துப்பூச்சி தின்னும். இவற்றுக்குத் தேவை இருட்டும் குளிர்ச்சியும் உலர்ந்த காற்றும் மட்டுமே. போர்ப்படச் சீருடை ஒன்றை வாங்குபவர்கள் தயவுசெய்து அதைத் துவைக்க வேண்டாம், சீட்டைப் பிரிக்க வேண்டாம். விற்றவரின் ரசீதையும் கடிதத்தையும் அந்த உடையுடனேயே வைத்திருங்கள்.